வேலுவுக்குப் போஸ்டிங் கேட்ட அருளப்பன் சார்

ஜாபர் பாயின் போன் அடித்தபோது, அருளப்பன் சார் நன்றாக இருக்கிறார் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நானும் பாயும் அடையாறு பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் சாரைப் பார்த்துவிட்டு, ஒரே ஸ்கூட்டரில் மந்தைவெளிக்குத் திரும்பி, பாயின் தையல் கடை வாசலில் அப்போதுதான் காலை ஊன்றியிருந்தோம். பக்கத்து டீக்கடைக்காரர் டீயை நீட்டிக்கொண்டே சாரைப் பற்றிக் கேட்டார்.

"சூப்பரா கீறாரு. என்கூட மேட்ச் பார்த்தாரு. பெரிய டாக்டரே என் தோள்ல கையைப் போட்டு, நாளைக்கே கூட்டிக்கினு போலாம்னாரு" என்றேன். டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்கிற முகமாகத்தான் இருந்தது.

பாய் போனைக் காதிலிருந்து எடுத்தார். "சார் போய்ட்டாராம் நைனா" என்றார்.

"எங்க?" என்றேன். "வேற ரூமுக்கா?"

பாய் அப்போதுதான் திறந்த கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, இறக்கிய ஷட்டருக்கு முன்னால் அப்படியே நின்றார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒரு மனுஷர் என்னோடு மேட்ச் பார்க்கிறார், ஒரு வார்த்தை பேசுகிறார், நான் அடையாறு பாலம் தாண்டி வந்து ஒரு டீ குடிப்பதற்குள் போய்விடுகிறார் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? அன்று தொடங்கிய குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை. குழப்பத்தோடுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அருளப்பன் சாருக்கு ஒரு பக்கம் எப்படிப் போதும்? என் எழுத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டதே தவிர, நான் எழுத்தை விடவில்லை. மார்க்கெட் பக்கம் என் எலெக்ட்ரிக்கல் கடை இருந்த காலத்தில், கடை வாசலில் நான் எழுதி வைத்த போர்டைப் படிக்க பஸ்ஸே வேகத்தைக் குறைக்கும். அங்கே ஒரு வேகத்தடையும் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். போர்டு வந்த பிறகுதான் தடை வந்தது.

உங்களில் பலருக்கு சாரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டையை டக் செய்துகொண்டு, சாந்தோம் பக்கம் நடந்தே போவாரே, அவர்தான். அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் நம் தெருவுக்கு பேஸ்பால் என்கிற விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எழுதாமல் இருப்பது நியாயமில்லை.

அவருடைய மகன் ராபினுக்கு அமெரிக்காவில் வேலை. பேரக் குழந்தை பிறந்தபோது சார் அங்கே போய்ச் சில மாதங்கள் இருந்தார். வெளியே நடக்க விடாத குளிர். வீட்டுக்குள் எல்லோருக்கும் வேலை. சாருக்கு மிஞ்சியது டி.வி.யும் அதில் ஓடிய பேஸ்பாலும்தான். திரும்பி வந்தபோது மற்றவர்களைப் போல பாதாமும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. தலையில் ஒரு நீலத் தொப்பியோடு வந்து இறங்கினார். அந்த ஊர் டீமின் தொப்பி. இங்கிருந்தே ஆட்டத்தைப் பார்க்க ராபின் போனில் ஏற்பாடும் செய்து கொடுத்திருந்தார். அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு இட்லி நேரம். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்க முடியாமல் பாயின் கடைக்கு வந்து சேர்ந்தார். பாயின் கடை டி.வி.யை மாட்டியது நான். போனை டி.வி.யோடு சேர்த்ததும் நான். ஆகவே சென்னையில் பேஸ்பால் வேரூன்றியதில் என் வயரிங்குக்கும் ஒரு பங்கு உண்டு.

முதல் நாள் பார்த்ததுமே நான் சொல்லிவிட்டேன். "இன்னா சார் இது, நம்ம கிட்டிப்புள். நான் ஆடாத கிட்டிப்புள்ளா? மெரினாவுல நான் அடிச்ச புள்ளு லைட் ஹவுஸைத் தாண்டிப் போய் விழுந்துது."

"எந்தப் பக்கம் தாண்டி?" என்றார் பாய், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "கடல் பக்கமா? அதான் யாரும் பாக்கலையா?"

சார் சிரித்துவிட்டு, "கிட்டிப்புள் இல்ல கோதண்டம். இது நம்ம ஆபீஸ்" என்றார்.

அவர் வேலை பார்த்தது பணியாளர்களின் மாறுதல், விடுப்பு, பதவி உயர்வு பார்க்கும் பிரிவில். பேஸ்பாலின் சட்டதிட்டம் முழுவதையும் அந்த மேசையில் வைத்தே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். "வீட்டுலேர்ந்து கிளம்பறார். முதல் ஊர், ரெண்டாவது ஊர், மூணாவது ஊர்னு மாறுதல் ஆகிப் போறார். கடைசியா சொந்த வீட்டுக்கே மாறுதல் வாங்கி வந்துட்டா ஒரு ரன். நடுவுல மாட்டிக்கிட்டா போச்சு. இதுக்கு மேல இந்த ஆட்டத்துல ஒண்ணும் இல்லை."

"நாலு தபா தப்பா எறிஞ்சா இவன் அடிக்காமலே நடந்து போறானே, அது இன்னா சார்?" என்று பாய் கேட்டார்.

"சீனியாரிட்டி. பரீட்சை எழுத வேண்டியதில்லை."

"தானே அவுட் ஆகி, முன்னாடி நிக்கிறவனை ஓட வைக்கிறானே?"

"வி.ஆர்.எஸ்."

காயம் பட்டவர்களின் பட்டியலில் ஒரு ஆட்டக்காரரைப் போட்டால் அது மெடிக்கல் லீவ். இரண்டு டீம்கள் ஆளை மாற்றிக்கொண்டால் பரஸ்பர மாறுதல். பெரிய டீமுக்குக் கீழே சின்ன ஊர்களில் ஆடும் டீம்கள் மாவட்ட அலுவலகங்கள். நடுவர் ஆடிட் பார்ட்டி. "அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு பண்ணலாம். டீ வாங்கிக் கொடுத்து மாத்த முடியாது" என்பார் சார். எனக்கு மளமளவென்று புரிந்தது. ஒரே வாரத்தில், அமெரிக்காவில் பிறந்தவனைவிட எனக்கு ஆட்டம் அத்துப்படி ஆகிவிட்டது. ஜெயித்தால் தரவரிசையில் கீழே இறங்குவதும் தோற்றால் மேலே போவதும் மட்டும்தான் பிடிபடவில்லை. நம் டீம் தோற்ற அன்று மற்ற டீம்களும் தோற்றிருப்பார்களாம், அதனால் நாம் மேலேயாம். நாம் ஜெயித்த அன்று எல்லோரும் ஜெயித்துத் தொலைத்திருப்பார்கள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று சாரின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்வோம். பல நாள் அந்த முகத்திலும் பதில் இருக்காது.

ஆட்டக்காரர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். பந்து எறிகிறவர்களில் உயரமானவர் நெட்டை. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவர், உடம்பு அப்படி, அதனால் பீமன். பீமனுக்கு மாற்று ஆளாக வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒல்லி ஆள்தான் வேலு.

இந்தச் சீசன் ஆரம்பத்திலேயே நெட்டைக்குத் தோள் போய்விட்டது. கடையில் அன்று பெரிய விவாதம்.

"சட்டையைப் பாருங்க சார்" என்றார் பாய். "கைக்குழி இறுக்கம். அதான் தோள் போச்சு. என்கிட்ட தைக்கக் குடுத்திருந்தா சீசன் முழுக்க எறிஞ்சிருப்பான்."

"தோளுக்குப் புத்தூர் கட்டு. ரெண்டு கட்டுல எழுந்து வந்துருவான்" என்றேன். "என் மச்சினன் முழங்கை மூணா ஒடைஞ்சுது. இப்ப அந்தக் கையாலதான் கேஸ் சிலிண்டர் தூக்கறான்."

"அதுக்கெல்லாம் மெடிக்கல் போர்டு இருக்கு. நாம தலையிடக் கூடாது" என்றார் சார். பிறகு கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்துவிட்டு, "சிலிண்டர் தூக்கறதுக்கும் இதுக்கும் ஒரே தசையா, கோதண்டம்?" என்று நிஜமாகவே கேட்டார். ஒரே தசைதான் என்று உறுதி சொன்னேன்.

வேலுவின் மேல் சாருக்கு ஏன் அவ்வளவு பிரியம் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆட்டம் நடக்கும்போது கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பினால் சார் நிமிர்ந்து உட்காருவார். வேலு தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, யாரும் பேசாத ஆளாக ஓரமாக உட்கார்ந்திருப்பார். "கட்டாயக் காத்திருப்பு" என்பார் சார், மெதுவாக. அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். ஒருவரைப் பழைய இடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், புது இடம் தர மாட்டார்கள். தினமும் அலுவலகத்துக்கு வந்து ஆர்டருக்காகக் காத்திருக்க வேண்டும்.

மழை தூறிய ஒரு காலையில் அங்கே ஆட்டத்தையும் மழை நிறுத்தியது. அப்போதுதான் சார் தன் கதையைச் சொன்னார். ஊருக்கெல்லாம் மாறுதல் ஆர்டர் தயார் செய்த மனுஷரைச் சர்வீஸின் கடைசி வருஷம் கட்டாயக் காத்திருப்பில் வைத்தார்களாம். யார் கோபமோ, எந்த ஃபைலோ, அவருக்கே தெரியாது. "உக்கார நாற்காலி குடுத்தாங்க. மேசை குடுக்கலை. டிஃபன் பாக்ஸை மடியில வச்சுப்பேன்" என்றார். "ஓய்வு பெற்ற அன்னைக்கு மாலை போட்டாங்க. எந்தப் பணியில இருந்து ஓய்வுன்னு போட்டோவுல எழுத ஒரு பதவி இல்லை. சும்மா 'ஓய்வு'ன்னு எழுதினாங்க."

பாய் மெஷினை நிறுத்தினார். நான், "அந்த ஆபீஸர் யாரு சார், சொல்லுங்க. எனக்கு மினிஸ்டர் வீட்டு வயரிங் பண்ண பழக்கம் கீது" என்றேன். சார் என் கையைத் தட்டினார். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. இவருக்காவது ஒரு போஸ்டிங் வரட்டும்" என்று பெஞ்சில் இருந்த வேலுவைக் காட்டினார்.

வந்தது. பீமனின் கட்டைவிரலில் பந்து பட்டு எலும்பு விட்டுப்போனது. மெடிக்கல் லீவ். வேலுவுக்குக் கூடுதல் பொறுப்பு. முகமூடியை மாட்டிக்கொண்டு மட்டைக்காரருக்குப் பின்னால் அவர் போய்க் குந்தியபோது சார் எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் பிள்ளை மேடை ஏறினால் நிற்பது போல. வேலு இடது முழங்காலைக் கொஞ்சம் தாழ்த்தி உட்காருவார். அதை முதலில் கவனித்தவன் நான். ஒரு நாள் கடைசி நேரத்தில் வேலு அடித்த அடியில் நம் டீம் ஜெயித்தது. தெருவே அதிர்ந்தது என்றால் மிகையில்லை. டீக்கடைப் பாத்திரம் ஒன்று கீழே விழுந்ததும் அப்போதுதான்.

கோடை முடியும் சமயம் பீமன் லீவ் முடிந்து திரும்பினார். அன்று திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். வேலுவின் பெயருக்கு எதிரில், 'டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்' என்று இருந்ததாம்.

"அப்படின்னா?" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்" என்று மறுபடி சொன்னார். "பதவி குறிப்பிட்டு, தனிப் பணிக்கு நியமனம். இது சாதாரண ஆர்டர் இல்லை கோதண்டம். ஸ்பெஷல் டியூட்டி. கவனிச்சிருக்காங்க. அவரைக் கவனிச்சிருக்காங்க."

லட்டு வாங்கி வரச் சொன்னார். மந்தைவெளியில் கிடைக்காத லட்டா? ஆனால் இந்தச் சந்தோஷத்துக்கு நம் தெரு லட்டு தாங்காது என்று நான் தி.நகர் வரை போய் வாங்கி வந்தேன். தெரு முழுக்கக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்டவர்களிடம் சார், "நமக்கு வேண்டிய ஒருத்தருக்குப் போஸ்டிங் ஆயிருக்கு" என்றார். அன்று வாங்கித் தின்ற பலர் இந்த மலரைப் படிப்பீர்கள். விஷயம் இதுதான்.

அதற்குப் பிறகு வேலுவைக் காணவில்லை. பெஞ்சிலும் இல்லை. "டியூட்டியில இருக்கார்" என்றார் சார். பல காலைகள் போயின. நம் டீம் ஜெயிப்பதும் தோற்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. சார் ஆட்டத்தைவிட அடியில் ஓடும் வரியைத்தான் பார்த்தார்.

உண்மையைச் சொன்னது சாரின் மகள் பிலோமினா. பெசன்ட் நகரில் குடியிருக்கிறார், பள்ளி ஆசிரியை. கடைக்குப் பிளவுஸ் வாங்க வந்தவர், அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து எங்களிடம் சொன்னார். "அங்கிள், ராபின்கிட்ட கேட்டேன். அதுக்கு அர்த்தம் வேற. டீம்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். வேற யாராவது கூப்பிட்டா உண்டு. இல்லேன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். கடைசியில் சொன்னது பாய்தான், பட்டன் தைத்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல்.

சார் கோபப்படவில்லை. யோசித்தார். "இல்லை பாய். அனுப்பறதுன்னா 'விடுவிக்கப்படுகிறார்'னு எழுதுவாங்க. எத்தனை எழுதியிருக்கேன். அசைன்மென்ட்டுன்னு ஆர்டர்ல போட்டிருந்தா, எங்கேயோ ஒரு வேலை அவருக்காக இருக்கு. இடம்தான் இன்னும் நிரப்பலை" என்றார். "ராபின் பொய் சொல்ல மாட்டார். ஆர்டரும் பொய் சொல்லாது. எனக்கே கொஞ்சம் குழப்பமாத்தான் இருக்கு."

அன்று முதல் அவருக்கு ஒரே எதிர்பார்ப்பு. வேலு எங்காவது பணியில் சேர வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். டீமின் வெற்றி தோல்வியெல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டது. உடம்பும் அந்தச் சமயத்தில்தான் விட்டுப்போனது. நுரையீரலில் நீர் என்றார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில், என்னைப் பார்த்ததும் உடம்பைப் பற்றிப் பேச மாட்டார். "சேர்ந்துட்டாரா?" என்பார். நான், "பேச்சு வார்த்தை நடந்துக்கினு கீது சார், எந்த நிமிஷமும் ஆர்டர் வரும்" என்பேன். அமெரிக்காவிலிருந்து நேராக எனக்குத்தான் தகவல் வருவது போலத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

கடைசிக் காலை வந்தது. ராபின் விமானத்தில் வந்துகொண்டிருந்தார். வெளியே மழை. நான் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து போனில் ஆட்டத்தைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாய் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நம் டீமுக்கு எதிரில் ஒரு பச்சைச் சட்டை டீம். ஆஸ்பத்திரிச் சுவருக்குள் சிக்னல் வராமல் படம் நின்று நின்று ஓடியது. ஆட்டம் முக்கால்வாசி முடிந்தபோது பச்சைக்காரர்கள் பந்து பிடிக்கிறவரை மாற்றினார்கள். புதிதாக ஒருவர் முகமூடியை மாட்டிக்கொண்டே வந்து குந்தினார். நான் கவனிக்கவில்லை, சிக்னலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பிலோமினா கதவைத் திறந்து, "அப்பா, ராபின் பிளேன் வந்துடுச்சாம்" என்றார்.

சார் நாடி பார்க்கும் கிளிப் மாட்டிய விரலைத் தூக்கினார். போன் பக்கமா, கதவுப் பக்கமா என்று சொல்ல முடியாத ஒரு பக்கம். "சேர்ந்துட்டார்" என்றார். தெளிவாக. பிறகு கண்ணை மூடிக்கொண்டார், தூங்குகிறவர் போல. முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதைப் பார்த்துத்தான் நான் டீக்கடையில் அப்படிப் பேசினேன்.

இனி வருவதுதான் என் குழப்பம்.

சார் யாரையும் அவன் இவன் என்று பேசியதில்லை. நாங்கள் நெட்டை வந்தான், பீமன் போனான் என்போம். சாருக்கு எல்லோரும் 'அவர்'தான். கறிவேப்பிலைக்காரம்மாவும் 'வந்துட்டாங்க', சொந்த மகனும் 'வந்துட்டார்'. இல்லாவிட்டால் விகுதியைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். தம்பியைத்தான் சொன்னார் என்கிறார் பிலோமினா. அடக்கத்துக்கு வந்த பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, அவர் இறைவனைச் சேர்ந்ததைத் தானே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். தன்னைத் தானே 'சேர்ந்துட்டார்' என்று ஒருவர் சொல்வாரா என்று எனக்குச் சந்தேகம். சாமியாரிடம் கேட்கவில்லை.

எனக்கு அது வேலுதான். இடது முழங்கால் தாழ்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பாயிடம் சொன்னேன்.

"நைனா, அப்ப நீ போனை ஆட்டிக்கினு இருந்தே. நான்தான் பார்த்தேன். அவன் நல்லா தாட்டியான ஆள். வேலு இல்லபா."

"முன்னாடி மாட்டியிருக்கிற கவசம் பாய். ஒல்லி ஆளுக்கும் அப்படித்தான் தெரியும்."

"இருபது வருஷமா இடுப்பு அளக்கறவன்கிட்ட சொல்றியா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், அவராகவே, "ஆனா படமும் நின்னு நின்னு வந்துது. நின்னா எல்லாரும் தாட்டியாத்தான் தெரிவாங்க" என்றார். அவருக்கும் நிச்சயமில்லை.

மறுநாள் காலை ராபினும் பிலோமினாவும் கடைக்கு வந்தார்கள். அப்பா உட்காரும் இடம் எது என்று ராபின் கேட்கவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தார்.

"அக்கா சொன்னாங்க, அங்கிள். அப்பா சொன்னப்போ நான் இறங்கலை" என்றார். "மழைனால பிளேனை இறக்க விடலை. மேகத்துக்கு மேல சுத்திக்கிட்டே இருந்தோம். வந்துடுச்சுன்னு போர்டுல தப்பாப் போட்டிருக்காங்க."

"ஊருக்கு மேல வந்துட்டே இல்ல?" என்றார் பிலோமினா. "அப்பாவுக்கு அது போதும்."

ராபின் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேச்சை மாற்றுவதற்காக நான் வேலு என்ன ஆனார் என்று கேட்டேன். போனில் தேடிப் படித்தார். வேலுவைப் பச்சைச் சட்டைக்காரர்கள்தான் எடுத்திருக்கிறார்கள். சின்ன ஊர் டீமில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இந்த மாதம்தான் பெரிய டீமுக்கு அழைத்திருக்கிறார்கள்.

"மாவட்ட அலுவலகத்துலேர்ந்து தலைமை அலுவலகம்" என்றார் பாய். மெஷினைப் பார்த்துச் சொன்னார். "அப்ப ஆர்டர் சரிதான். லட்டும் சரிதான்."

டிக்ஷனரி படித்தவர்கள் ஒன்று சொன்னார்கள், சார் ஒன்று சொன்னார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்காதீர்கள். வேலு போஸ்டிங்கில் சேர்ந்தார். அது மட்டும் உறுதி. சார் அதைப் பார்த்தாரா என்பதுதான் பாக்கி.

"அந்த மேட்ச்சை இப்பவும் போட்டுப் பார்க்கலாம் அங்கிள்" என்றார் ராபின். "அன்னைக்கு உள்ள வந்தது அவரா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்குள் டி.வி.யில் ஆட்டம் வந்துவிட்டது. ராபின் விரலால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார். இங்கே சிக்னல் பிரமாதமாக இருந்தது. நீலச் சட்டைகள், பச்சைச் சட்டைகள், எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தன. பச்சைக்காரர்களின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். முகமூடி இன்னும் கையில். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படி ஏறினார். திரும்பினால் முகம் தெரியும்.

நான் ராபினைப் பார்த்தேன். அவர் டி.வி.யைப் பார்க்கிற பார்வை, ஆட்டம் பார்க்கிறவரின் பார்வை இல்லை. அந்த ஆள் வேலுவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாரா, இருக்கக் கூடாது என்று நினைக்கிறாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. அந்த ஆள் வேலு என்றால், கடல் தாண்டி வந்த மகனுக்கு அந்தச் சொல் இல்லை. வேலு இல்லை என்றால், சார் பார்க்காமலே போய்விட்டார்.

எழுந்து போய் டி.வி. சுவிட்சை அணைத்தேன்.

"கரண்ட் போச்சா?" என்று டீக்கடைக்காரர் வெளியிலிருந்து கேட்டார்.

"ஆமா" என்றேன். "டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிருச்சு. நான் அப்பவே சொன்னேன், இந்த லைன் தாங்காதுன்னு."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாய் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராபின் போனைப் பையில் போட்டு, காலி டம்ளரை வைத்துவிட்டு, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாரின் நீலத் தொப்பி ராபினிடம் போகிறது. ஜெபமாலை பிலோமினாவிடம். என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது அவர் கடைசியாகச் சொன்ன ஒரு சொல். மந்தைவெளியில் எனக்குத் தெரியாத விஷயம் கிடையாது என்று ஊருக்கே தெரியும். சார் யாரைச் சொன்னார் என்று கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.